பொறிக்கோழியின் வலது கண்

சென்ற ஆண்டு ஆனி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், வாரச்சந்தையிலிருந்து நான்கு விடைக்கோழிகளை, அதாவது இன்னும் முட்டையிடத் தொடங்காத இளம் பெட்டைகளை, வாங்கி வந்தேன். சந்தையில் கோழி வாங்குகிறவர்கள் வழக்கமாகச் செய்வதையே நானும் செய்தேன். கால்களைச் சணலால் கட்டி, ஸ்கூட்டரின் கைப்பிடியில் தலைகீழாகத் தொங்கவிட்டு, எட்டு கிலோமீட்டர் ஓட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். வழிநெடுக அவை சத்தமே போடவில்லை என்பதால், சாதுவான கோழிகள்தாம் கிடைத்திருக்கின்றன என்று மகிழ்ந்தேன். பறவைகளுக்கு நம்மைப் போல உதரவிதானம் இல்லை என்பதும், தலைகீழாகத் தொங்கும்போது ஈரலும் குடலும் காற்றறைகளின் மேல் சரிந்து அழுத்துவதால் அவற்றுக்கு மூச்சு விடுவதே கடினமாகிவிடும் என்பதும் பிறகு படித்துத்தான் எனக்குத் தெரிந்தது. அந்த எட்டு கிலோமீட்டரை நினைத்தால் இன்றும் மனம் வலிக்கிறது. கோழி வாங்கப் போகிறவர்கள் தயவுசெய்து காற்றோட்டமுள்ள ஒரு கூடையையோ, ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியையோ எடுத்துச் செல்லுங்கள்.

எங்கள் வீடு திண்டுக்கல்லுக்குச் சற்று வெளியே இருக்கிறது. கொல்லையில் ஒரு முருங்கை, ஒரு வேம்பு, துணி துவைக்கும் கல், சுவரோரமாக ஒரு விறகு அடுக்கு ஆகியவை உண்டு. எங்கள் பக்கத்தில் கோழிகளுக்குத் தனியாகப் பெயர் வைக்கும் வழக்கம் இல்லை, நிறமே பெயராகிவிடும். அப்படி வந்தவைதாம் செவலை, கருப்பு, சாம்பல், உடலெங்கும் வெள்ளைப் புள்ளி தெளித்த பொறி என்ற நான்கும். கட்டை அவிழ்த்துவிட்டதும் நான்கும் விறகு அடுக்குக்குப் பின்னால் ஓடி மறைந்தன. நான் கொல்லையில் நிற்கும் வரை, வைத்த குருணையில் ஒரு மணியைக்கூட அவை தொடவில்லை.

மூன்றாம் நாள் மாலை நான் செய்த தவறுதான் பின்வந்த மாதங்களின் வேலையை இரட்டிப்பாக்கியது. இருட்டுவதற்குள் கூண்டில் அடைத்துவிட வேண்டும் என்ற அவசரத்தில், கையில் கூடையோடு அவற்றைத் துரத்தினேன். மற்ற மூன்றும் எப்படியோ தப்பிவிட, பொறி மட்டும் கம்பிவேலியில் மோதி, வால் இறகுகள் சிலவற்றை என் கையில் விட்டுவிட்டு, மூலையில் அகப்பட்டது. அதை எடுத்து மடியில் மல்லாக்கக் கிடத்தி, காயம் பட்டிருக்கிறதா என்று பார்த்தேன். கண்களைத் திறந்தபடி, கால்களை லேசாக மடக்கி, துளியும் அசையாமல் அது கிடந்தது. என் கைச்சூட்டில் அமைதியடைந்துவிட்டது என்று நம்பி, கழுத்தை நெடுநேரம் தடவிக்கொடுத்தேன்.

அது அமைதி அல்ல. எதிரியின் பிடியில் சிக்கிய பறவை, தப்ப வேறு வழியே இல்லை என்றாகும்போது செத்ததுபோல் விறைத்துக் கிடக்கும். பிடி தளரும் கணத்தில் பாய்ந்து ஓடுவதற்கான கடைசி உபாயம் அது. கோழிகளின் அச்சத்தை அளப்பதற்கு ஆய்வாளர்கள் இதையே ஒரு அளவுகோலாக வைத்திருக்கிறார்கள். மல்லாக்கக் கிடத்தப்பட்ட கோழி எவ்வளவு நேரம் எழாமல் கிடக்கிறதோ, அந்த அளவுக்கு அதன் அச்சம் பெரியது என்று கொள்கிறார்கள். நான் அன்பு என்று நினைத்துத் தடவிக்கொண்டிருந்த அந்த நேரம் முழுவதும், தன்னைக் கொல்லப்போகும் ஒன்றின் மடியில் கிடப்பதாகவே பொறி உணர்ந்திருக்கும். மடியில் மயங்கிக் கிடக்கும் கோழியைக் காட்டி, எவ்வளவு பழகிவிட்டது பார் என்று யாராவது சொல்லும்போது, நான் இப்போது அதன் கால்களையும் கண்களையும்தான் முதலில் கவனிக்கிறேன்.

அன்று என் ஓட்டத்தை மதில் சுவருக்கு அப்பாலிருந்து பார்த்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு அப்பத்தா, “ஏன் தாயி வெரட்டுற? பொழுது சாயட்டும். இருட்டிட்டா அதுக்குக் கண்ணு தெரியாது. நீ பாட்டுக்கு எடுத்துக் கூண்டுல வையி” என்றார். அறுபது ஆண்டுகளாகக் கோழி வளர்ப்பவர் சொன்னது அப்படியே உண்மை. கோழிக்குப் பகலில் இருக்கும் கூர்மையான பார்வை இரவில் கிடையாது. இருட்டிய பின் முருங்கைக் கிளையில் அமர்ந்திருந்த மற்ற மூன்றையும், இறக்கைகளை உடலோடு சேர்த்து இரு கைகளாலும் அணைத்து, ஒவ்வொன்றாக இறக்கிக் கூண்டுக்குள் வைத்தேன். ஒன்றுகூடப் படபடக்கவில்லை. ஒரு வாரம் இப்படிச் செய்ததும், எட்டாம் நாள் அவையே கூண்டுக்குள் போய் மூங்கிலில் ஏறிக்கொண்டன. அதன் பிறகு பகலில் எந்தக் கோழியையும் நான் துரத்தியது இல்லை.

சுவிட்சர்லாந்து விலங்கியலாளர் ஹைனி ஹெடிகர், ஒவ்வொரு விலங்குக்கும் ஒரு தப்பியோடும் தூரம் உண்டு என்று எழுதினார். அந்த எல்லைக்கு வெளியே நாம் நின்றால் அது நம்மைக் கவனித்துக்கொண்டே தன் வேலையைப் பார்க்கும். எல்லையைத் தாண்டினால் ஓடிவிடும். அடுத்த நாள் முதல் நான் செய்தது இந்தத் தூரத்தை அளந்தது மட்டும்தான். நின்ற இடத்தைத் துவைக்கும் கல்லிலிருந்து காலடிகளால் கணக்கிட்டு, நாட்காட்டியில் குறித்து வைத்தேன். செவலைக்கு 12 அடி, கருப்புக்கும் சாம்பலுக்கும் 15 அடி, பொறிக்கு 25 அடி. பொறியின் தூரத்தை முற்றத்துப் பக்கம் நின்றுதான் அளக்க முடிந்தது, ஏனென்றால் அதற்கு மேல் கொல்லையில் இடமில்லை.

அந்தந்த எல்லைக்குச் சற்று வெளியே, தினமும் காலை ஆறரை மணிக்கு, ஒரு மணைப்பலகையைப் போட்டு உட்கார்ந்தேன். நிற்கும் மனிதரைவிட உட்கார்ந்த மனிதர் கோழிக்குப் பாதி உயரம்தான் என்பது முதல் வாரத்திலேயே தெரிந்துவிட்டது, ஏனென்றால் நான் உட்கார்ந்ததுமே செவலையின் எல்லை ஓரிரு அடி குறைந்தது. அவற்றை நேராக உற்றுப் பார்க்காமல், பக்கவாட்டில் திரும்பி, கீரை ஆய்வதோ வெங்காயம் உரிப்பதோ ஏதோ ஒரு வேலையைச் செய்துகொண்டிருந்தேன். எழுந்திருக்கும்போது அவசரப்படாமல், முதலில் குரல் கொடுத்துவிட்டே எழுந்தேன். கோழி நெருங்கி வந்தால் நான் நெருங்குவதில்லை. அது விலகினால் தொடர்வதும் இல்லை. நெருங்குவதா விலகுவதா என்ற முடிவை முழுக்கக் கோழியிடமே விட்டுவிடுவதுதான் இதில் எல்லாவற்றிலும் முக்கியமானது என்று நான் நம்புகிறேன். விரும்பிய கணத்தில் விலகலாம் என்று தெரிந்த கோழிதான் அடுத்த அடியை முன்னால் எடுத்து வைக்கிறது.

கையை மேலிருந்து நீட்டக் கூடாது என்பதையும் அந்த வாரங்களில்தான் கற்றேன். கோழிக்கு மேலிருந்து வருவது பருந்து. வானத்தில் வல்லூறின் நிழல் தெரிந்தால் கோழி எழுப்புவது ஒற்றை இழுப்பாக நீளும் மெல்லிய கீச்சொலி. அந்த ஒலி கேட்ட கணமே எல்லாம் புதரடியில் பதுங்கி அசைவற்று நிற்கும். தரையில் கீரியையோ பூனையையோ கண்டால் எழுவது வேறு. கழுத்தை நீட்டி, ‘கொக் கொக் கொக்’ என்று இடைவிடாமல் உரக்கக் கத்தி ஊரைக் கூட்டும். ஒரு நாள் காலையில் குருணைத் தட்டை எடுப்பதற்காக நான் சாம்பலின் முதுகுக்கு மேலாகக் கையை நீட்டியபோது, அது எழுப்பியது அந்த மெல்லிய கீச்சொலியைத்தான். நான்கும் நொடியில் மறைந்தன. அதன் பிறகு என் கை எப்போதும் தரையோடு தரையாக, உள்ளங்கை மேல்நோக்கியபடி, அவற்றின் கண்ணுக்குத் தெரியும் பக்கத்திலிருந்துதான் போயிற்று.

கண்ணைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத விரும்புகிறேன், ஏனென்றால் பொறியின் மனநிலையை நான் படித்தது அதன் கண்ணிலிருந்துதான். கோழியின் கண்கள் தலையின் இரு பக்கங்களிலும் இருப்பதால், தூரத்துப் பொருளை அது ஒரு நேரத்தில் ஒரு கண்ணாலேயே பார்க்கிறது. அந்த இரண்டு கண்களும் ஒரே வேலையைச் செய்வதில்லை. முட்டைக்குள் குஞ்சு முதிரும் கடைசி நாட்களில் அதன் தலை ஒரு பக்கமாகத் திரும்பியிருக்கும். இடது கண் உடலோடு ஒட்டி மறைந்துவிட, வலது கண் ஓட்டின் பக்கம் இருக்கும். அடைக்கோழி இரைக்காக எழுந்துபோகும் நேரங்களில் ஓட்டின் வழியாகக் கசியும் வெளிச்சம் வலது கண்ணுக்கு மட்டுமே கிடைக்கிறது. ஆஸ்திரேலிய உயிரியலாளர் லெஸ்லி ராஜர்ஸ் பல ஆண்டுகள் குஞ்சுகளை ஆராய்ந்து, இந்த வெளிச்சத்தால் இரு கண்களின் வேலையும் பிரிந்துபோவதைக் காட்டினார். மணலுக்கும் தானியத்துக்கும் வேறுபாடு கண்டு பொறுக்குவதில் வலது கண் தேர்ந்தது. எதிரியைக் கண்காணிப்பதில் இடது கண் முந்திக்கொள்கிறது.

இதைப் படித்த பிறகு, பொறி என்னை எந்தக் கண்ணால் பார்க்கிறது என்று கவனிக்கத் தொடங்கினேன். ஆடி மாதம் முழுவதும் அது எனக்குத் தன் இடப்பக்கத்தையே காட்டி நின்றது. கழுத்து நீண்டு, இறகுகள் உடலோடு ஒட்டி, ஒரு கால் பாதி தூக்கியபடி, இடது கண் என் மேல் பதிந்திருக்கும். மற்ற மூன்றும் தட்டின் அருகே கிளறிக்கொண்டிருக்க, அது மட்டும் விறகு அடுக்கின் ஓரத்தில் அப்படியே நிற்கும். ஆவணி மூன்றாம் வாரத்தில் ஒரு காலை, நான் தட்டைத் தரையில் வைத்துக் கையை அதன் விளிம்பிலேயே விட்டிருந்தபோது, பொறி எட்டடி தொலைவில் நின்று தலையை மெல்லத் திருப்பி, வலது கண்ணால் தட்டைப் பார்த்தது. பிறகு இடது கண்ணால் என்னை. மறுபடி வலது கண்ணால் தட்டை. கழுத்து இறகுகள் சற்றே தளர்ந்தன. அன்றும் அது தட்டுக்கு வரவில்லை. ஆனால் என்னை எதிரியாக மட்டுமே பார்ப்பதை அது நிறுத்திவிட்டது என்று அந்தத் தலை திரும்பலில் எனக்குப் புரிந்தது.

தட்டில் என்ன வைத்தேன் என்பதையும் சொல்ல வேண்டும். குருணையும் கம்பும் எப்போதும் கூண்டருகே கிடைப்பவை. அவற்றுக்காக எந்தக் கோழியும் மனிதரை நெருங்கும் துணிவைத் திரட்டாது. அப்பத்தா சொல்லித்தந்தது கரையான். பழைய மண்பானை ஒன்றில் கிழிந்த சாக்கு, காய்ந்த சாணம், ஓலைத் துண்டுகள் ஆகியவற்றை அடைத்து, நீர் தெளித்து, கரையான் நடமாட்டமுள்ள இடத்தில் மாலையில் கவிழ்த்து வைத்தால், விடிவதற்குள் பானை நிறையக் கரையான் ஏறியிருக்கும். அதை வெயில் ஏறுவதற்கு முன்பே தட்டில் தட்டிக் கொண்டுவந்தால், செவலை எல்லைக் கணக்கையெல்லாம் மறந்துவிட்டு ஓடி வரும். கரையானை மணைப்பலகைக்கு அருகே மட்டுமே தந்தேன், வேறெங்கும் தரவில்லை.

இதோடு ஒரு ஒலியையும் சேர்த்துக்கொண்டேன். தாய்க்கோழி இரையைக் கண்டால் ‘கொக்கொக்’ என்று தாழ்ந்த குரலில் அழைத்து, அலகால் எடுத்து எடுத்துக் கீழே போட்டுக் குஞ்சுகளுக்குக் காட்டும்; சேவலும் பெட்டைகளை இப்படியே அழைக்கும். அந்தக் கொத்தும் ஓசையைப் போல, தட்டின் நடுவில் ஆள்காட்டி விரலின் நகத்தால் விட்டுவிட்டுத் தட்டுவேன். ‘பா பா பா’ என்று எங்கள் தெருவே கேட்கும்படி அழைப்பதைவிட இந்தச் சிறிய ஒலிக்குத்தான் அவை விரைவாகப் பழகின. புரட்டாசிக்குள் செவலையும் கருப்பும் உள்ளங்கையிலிருந்தே கொத்தின. சாம்பல் விரல் நுனிவரை வந்தது.

பொறி வரவில்லை. நெடுநாள் அதற்கு என் மேல்தான் பயம் என்று நினைத்திருந்தேன். ஒரு நாள் தட்டையே பார்க்காமல் கோழிகளை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் விஷயம் விளங்கியது. பொறி தட்டை நோக்கி எடுத்துவைத்த ஒவ்வொரு அடிக்கும் செவலை ஒருமுறை தலையை நிமிர்த்தியது; அந்த நிமிர்தலே போதும், பொறி பின்வாங்கிவிடும். கோழிகளிடையே யார் யாரைக் கொத்தலாம் என்ற வரிசை உண்டு என்பதை, சிறுவயதிலிருந்தே கோழிகளைக் கவனித்துக் குறித்துவந்த நார்வே நாட்டுத் தோர்லெய்ஃப் ஷெல்டெரப்-எப்பே 1921-இல் உலகுக்கு விளக்கினார். எங்கள் வரிசையில் செவலை முதல், பொறி கடைசி. கூச்ச சுபாவம் என்று நான் பெயரிட்டிருந்ததில் பாதி, அதன் இடத்தை மற்றவை அதற்கு நினைவூட்டிக்கொண்டே இருந்ததன் விளைவு. மறுநாள் முதல் செவலைக்கும் மற்ற இரண்டுக்கும் தட்டை வேம்படியில் வைத்துவிட்டு, இரண்டாவது தட்டோடு விறகு அடுக்கின் மறுபுறம் போய் உட்கார்ந்தேன். நான்காம் நாள் பொறி என் காலுக்கு ஒரு முழத் தொலைவில் வந்து கரையான் தின்றது. கூச்சமுள்ள ஒரு கோழியோடு போராடிக்கொண்டிருப்பவர்கள், அது பயப்படுவது தங்களைப் பார்த்துத்தானா என்பதை ஒருமுறை தள்ளி நின்று பார்த்துவிடுவது நல்லது.

இடையில் பின்னடைவுகளும் உண்டு. ஐப்பசி மழையில் நான் ஒரு கருப்புக் குடையைக் கொல்லையில் விரித்துவிட்டேன். தலைக்கு மேல் திடீரென்று விரிந்த அந்தக் கருமை அவற்றுக்கு எதுவாகத் தோன்றியதோ, ஆறு நாட்களுக்குச் செவலையே கைக்கு வரவில்லை. அதன் பிறகு மழையில் தலையில் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டுதான் போகிறேன்.

கார்த்திகையில் செவலை முட்டையிடத் தொடங்கியபோது, என் கை முதுகருகே போனாலே தரையில் பதிந்து, இறக்கைகளைச் சற்று விரித்து உட்கார்ந்துகொண்டது. பிரியத்தால் குனிகிறது என்று முதலில் உள்ளம் குளிர்ந்தேன். முட்டையிடும் பருவத்துப் பெட்டை, சேவலுக்குக் காட்டும் இணக்கத்தையே முதுகருகே வரும் கைக்கும் காட்டுகிறது என்று கால்நடை மருத்துவர் சொன்னார். அதனால் நான் வருந்தவில்லை. ஆனால் பழக்கத்தின் அடையாளங்களாக நான் கணக்கில் வைப்பவை வேறு. நான் இரண்டடி தொலைவில் உட்கார்ந்திருக்கும்போதே மண்ணில் பள்ளம் பறித்து, பக்கவாட்டில் சாய்ந்து, புழுதியை இறகுகளுக்குள் வாரி வாரி இறைத்துக் குளிப்பது. ஒற்றைக் காலில் நின்று கீழிமையை மேலே ஏற்றிக் கண்ணை மூடிக்கொள்வது. ஆபத்து இருக்கும் இடத்தில் எந்தக் கோழியும் இவற்றைச் செய்யாது. பொறி என் அருகில் முதன்முதலாகப் புழுதியில் குளித்தது மார்கழி கடைசியில். எழுந்தால் நின்றுவிடும் என்பதால், அடுப்பில் பால் பொங்கும் வாசம் வந்தும் நான் எழவில்லை.

பிப்ரவரியில் கால்நடைத் துறையின் தடுப்பூசி முகாம் வந்தது. வெள்ளைக்கழிச்சல் ஒருமுறை புகுந்தால் தெருவில் ஒரு கோழி மிஞ்சாது; எனவே ஊசியைத் தவிர்க்கும் எண்ணம் எனக்கு இல்லை. முதல் நாள் இரவே நான்கையும் மூங்கிலிலிருந்து எடுத்து, துணி போர்த்திய கூடைக்குள் வைத்துவிட்டேன். விடிந்ததும் ஒவ்வொன்றாகத் தலையைத் துணியால் மூடியபடி எடுத்துக் கொடுத்தேன். வேலை முடிந்ததும் அங்கேயே அவிழ்த்துவிடாமல், கூண்டுக்குள் விட்டு, சற்று நேரம் கழித்துக் கரையான் தட்டோடு நான் மட்டும் போனேன். பொறி இரண்டு நாள் தள்ளி நின்றது. மூன்றாம் நாள் வந்துவிட்டது.

மாசி நடுவில் பொறி அடைக்கு உட்கார்ந்தது. பழைய கூடையில் மணலும் வைக்கோலும் பரப்பி, இடி மின்னலுக்குக் காப்பாக அப்பத்தா தந்த கரித்துண்டையும் இரும்பு ஆணியையும் ஓரத்தில் செருகி, பதினொரு முட்டைகளை வைத்தேன். 21 நாள் கணக்கில் பதினைந்தாம் நாள் இரவு டார்ச்சோடு பார்த்தபோது, ஒரு முட்டை விரிசல் விட்டு, அதன் வாசத்துக்குச் சிற்றெறும்பு வரிசை கூடைக்குள் ஏறியிருந்தது. அடைக்கோழியைத் தொந்தரவு செய்தால் அது அடையை விட்டு எழுந்து போய்விடலாம். விட்டுவைத்தால் பொரிக்கும் குஞ்சுகளை எறும்பு தின்றுவிடும். கையைத் தரையோடு நீட்டி, குரல் கொடுத்து, அதன் மார்புக்கடியில் விரல்களை நுழைத்தேன். இறகுகளைச் சிலிர்த்து உறுமியது. மணிக்கட்டில் ஒரு கொத்து விழுந்தது. நான் கையை இழுக்கவில்லை. உடைந்த முட்டையை வெளியே எடுத்து, கூடையைச் சுற்றி அடுப்புச் சாம்பலைத் தூவி, ஈர வைக்கோலை மாற்றி முடிக்கும் வரை அது இடத்தைவிட்டு எழவே இல்லை. இடது கண் என் முகத்தின் மேலேயே இருந்தது.

ஒன்பது குஞ்சுகள் பொரித்தன. மூன்றாம் நாள் காலையில் பொறி அவற்றை முதன்முறையாக முருங்கையடிக்கு அழைத்து வந்தபோது, நான் வழக்கமான இடத்தில் மணைப்பலகையைப் போட்டு, கரையான் தட்டைத் தரையில் வைத்து, நகத்தால் மெல்லத் தட்டினேன். பொறி ஒரு கணம் நின்று கழுத்தை நீட்டியது. பிறகு தலையைத் திருப்பி வலது கண்ணால் தட்டைப் பார்த்தது. ‘கொக்கொக்’ என்று தாழ்ந்த குரல் எழுந்ததும், ஒன்பது குஞ்சுகளும் அதன் கால்களுக்கிடையே புகுந்து என் விரலருகே ஓடி வந்து, கரையானையும் என் நகத்தையும் மாறி மாறிக் கொத்தத் தொடங்கின.